தெளிந்த நீராகாரம்

"பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணிகூடத் தொடக் கூடாது."

எங்கள் திருப்பூர் ஆஸ்பத்திரியின் சர்ஜரி வார்டில், மறுநாள் ஆபரேஷன் இருக்கிற எல்லோரிடமும் முந்தின நாள் இதைச் சொல்லியாக வேண்டும். நானும் சொல்லியிருக்கிறேன். ஏன் பத்து மணி என்று ஒருமுறை மேட்ரனிடம் கேட்டேன். "அது அப்படித்தான் பிள்ள, நான் வந்த நாள்லேருந்து பத்துதான்" என்றார். ரோஸ்மேரி மேடம் இந்த ஆஸ்பத்திரி கட்டும்போதே வேலைக்குச் சேர்ந்தவர். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம்.

காரணம் இல்லாமல் இல்லை. மயக்க மருந்து ஏறும்போது வயிற்றில் சாப்பாடு கிடந்தால் அது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஆளையே கொன்றுவிடும். அதனால் சாப்பாடு ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிற்க வேண்டும். ஆனால் தண்ணீர் வேறு. தண்ணீர் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. அதுவரை குடிக்கலாம், குடித்தால் நல்லது என்று உலகம் முழுக்கச் சோதித்துப் பார்த்து எழுதிவைத்துவிட்டார்கள். நான் நர்சிங் படித்த புத்தகத்திலேயே இருக்கிறது. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். வார்டுக்கு வந்தால் பத்து மணி, பச்சைத் தண்ணீர்.

மயக்க மருந்து டாக்டர் பூபாலன் எங்கள் ஆஸ்பத்திரி ஆள் கிடையாது. ஊரில் இருக்கிற பல ஆஸ்பத்திரிகளுக்குக் காரில் போய்வருகிறவர். எங்களுக்கு எட்டு மணிக் கேஸ் என்று போர்டில் எழுதியிருக்கும். அவர் வந்து சேர மத்தியானம் ஆகும், சில நாள் சாயங்காலமும் ஆகும். அதுவரை ஆள் நாக்கு வறண்டு கிடக்க வேண்டும். பனியன் கம்பெனியில் பவர்டேபிள் மெஷினில் தைக்கிற ஒரு பெண், முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று பாத்ரூமுக்குப் போய்க் குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டாள். திருட்டுப் பிடித்த மாதிரி வார்டே அவளைச் சுற்றி நின்று திட்டியது. அன்றைக்குத்தான் நர்ஸ்களுக்கான ஒரு ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பம் போட்டேன்.

ஆதாரம் சார்ந்த செவிலியர் பணி என்று அதற்குப் பெயர். ஒரு வருஷம். சனிக்கிழமைகளில் ஆன்லைன் வகுப்பு. பழக்கத்தினால் செய்கிற ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு, ஆராய்ச்சி என்ன சொல்கிறதோ அதன்படி வார்டில் மாற்றிக் காட்ட வேண்டும். தேர்வானதும் வீட்டில் சொன்னேன். வீரபாண்டியில் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிற என் அப்பா காசிமாயன் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஏத்தா, ஆதாரம்னா இந்த ஆதார் கார்டுல பேரு மாத்துற வேலையா?"

இதை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் வார்டில் சொல்லிவிட்டேன். சகாயராஜ் பிடித்துக்கொண்டார். எனக்குப் பல வருஷம் சீனியர். நைட் டூட்டியில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பகலில் அவர் வாயை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. "என்ன ஆதாரு, கைரேகை வச்சாத்தான் ஊசி போடுவியா?" என்று ஆரம்பித்தவர்தான். ஒரு வாரத்தில் லிஃப்ட் ஆபரேட்டர்கூட என்னை ஆதார் சிஸ்டர் என்று கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியை நடத்துகிற டாக்டர் தரணீதரனிடம் அனுமதி கேட்கப் போனேன். அவர் குடும்பத்துக்கு நெருப்பெரிச்சலில் பனியன் கம்பெனி இருக்கிறது. அதனால் எதையும் உற்பத்தி மாதிரியேதான் பேசுவார்.

"தண்ணி குடுக்கறது தப்பில்லீங்கம்மா. புத்தகத்துல இருக்குது, எனக்கும் தெரியும். ஆனா ஆபரேஷன் தியேட்டர் ஓடோணும். உங்க தண்ணியால ஒரு கேஸ் கேன்சல் ஆச்சுன்னா அன்னைக்கே ப்ராஜெக்ட்ட மூடிரோணும். சரிங்களா?"

சரி என்றேன். பூபாலன் கோழித்தூக்கத்தில் காரில் வந்து, தாமதமாகக் கேஸை ஆரம்பித்தால் யாரும் எதையும் மூடச் சொல்வதில்லை. ஆனால் ஒரு டம்ளர் தண்ணீருக்கு இத்தனை நிபந்தனை. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த வாரம் சென்னையில் இருக்கிற ஃபெலோஷிப் ஆபீஸிலிருந்து நோட்டீஸ் கட்டு வந்தது. நோயாளிகளுக்குக் கொடுக்க வேண்டியது. வழவழப்பான காகிதம், மேலே மூன்று நிறுவனங்களின் சின்னம். நடுவில் கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது:

அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை தெளிந்த நீராகாரம் அருந்தலாம்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. உடனே ஃபெலோஷிப் ஒருங்கிணைப்பாளர் சரவணக்குமாருக்குப் போன் போட்டேன்.

"சார், நீராகாரம்னு போட்டிருக்கீங்க."

"ஆமா, கிளியர் ஃப்ளூயிட்ஸ்."

"எங்க ஊர்ல நீராகாரம்னா பழைய சோத்துத் தண்ணி சார். சோத்துல ராத்திரி தண்ணி ஊத்தி வச்சு, காலைல மோர் விட்டுக் குடிப்பாங்க."

"தெளிந்தன்னு போட்டிருக்கோமே அபிராமி."

"அதைத் தெளிய வச்சும் குடிப்பாங்க சார்!"

அவர் பொறுமையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். "இது வேலிடேட் பண்ண மொழிபெயர்ப்பும்மா. ரெண்டு புரொஃபசர்ஸ் தமிழ்ல எழுதி, மூணாவது ஒருத்தர் அதைத் திரும்ப இங்கிலீஷாக்கி செக் பண்ணியிருக்காங்க. கரெக்டா கிளியர் ஃப்ளூயிட்ஸ்னே வந்துச்சு."

"அந்த மூணாவது ஆளு எந்த ஊரு சார்?"

"அதெல்லாம் கான்ஃபிடென்ஷியல்."

"வெறும் தண்ணின்னு போட்டா என்ன?"

"ஒரு வார்த்தை மாத்தினாலும் மறுபடி எத்திக்ஸ் கமிட்டிக்குப் போகணும். மத்த ஊர் சென்டர் எல்லாம் நிக்கும். நீங்க வாயால விளக்கிச் சொல்லிடுங்க. உங்களுக்குத்தான் மக்கள் மொழி தெரியுமே."

மக்கள் மொழி. அவருக்கு இருப்பது மொழி, எங்களுக்கு இருப்பது மக்கள் மொழி.

நோட்டீஸைக் கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுத்தோம் என்று கையெழுத்து வாங்க வேண்டும். அதனால் ஒவ்வொரு கட்டிலுக்கும் நானே போனேன். "தண்ணி மட்டும். குழாய்ல வர்ற, கேன்ல வர்ற வெறும் தண்ணி. பால் வேண்டாம், டீ வேண்டாம், மோர் வேண்டாம், நீராகாரம்னு போட்டிருக்கிறதை மறந்திருங்க." இதையே தினமும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. பூபாலனுக்கு தினமும் போன் செய்து எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று நச்சரித்தேன். மணி தெரியாமல் தண்ணீரை எப்போது நிறுத்துவது? முதலில் எரிந்து விழுந்தார். பிறகு என் தொல்லை தாங்காமல் மணி சொல்ல ஆரம்பித்தார். சொன்னதால் அந்த மணிக்கு வரவும் ஆரம்பித்தார். காலையில் வார்டில் ஜனங்கள் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் குடித்துவிட்டு, பக்கத்துக் கட்டில்காரரோடு கதை பேசிக்கொண்டிருந்தார்கள். குமட்டல் குறைந்தது, ஊசி போட நரம்பு சுலபமாகக் கிடைத்தது. சகாயராஜே ஒருநாள், "பரவால்ல ஆதாரு, உன் தண்ணில ஏதோ இருக்கு" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கோயம்புத்தூரில் இடைக்காலக் கூட்டம் என்றார்கள். எல்லா ஃபெலோக்களும் வந்து தங்கள் வேலையைப் போஸ்டராக ஒட்டி, பக்கத்தில் நிற்க வேண்டும். வார்டை விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். வராதவர்களுக்குச் சான்றிதழ் இல்லை என்றார் சரவணக்குமார். போகும்போது சகாயராஜிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

"அண்ணே, நோட்டீஸை மட்டும் நீட்டிட்டுப் போயிராதீங்க. வாயால சொல்லுங்க. வெறும் தண்ணி."

"தண்ணியப் பத்தி எனக்கே கிளாஸா? போய்ட்டு வா, போட்டோல சிரி."

ஹோட்டல் ஹாலில் ஏசி குளிரில் நாள் முழுக்கப் போஸ்டர் பக்கத்தில் நின்றேன். வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெரிய மேடம் என் போஸ்டரைப் படிக்காமல், "ஓ, திருப்பூரா! டி-ஷர்ட்!" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை டூட்டிக்கு வந்தேன். முதல் கேஸ் லிங்கசாமி. குடலிறக்கம். அவிநாசிபாளையத்துக்காரர், லாரியில் நூல் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ரங்காத்தாள் சாப்பாடு கொண்டுவருகிற தூக்குப்போசியைக் கழுவப் போய்க்கொண்டிருந்தார். அந்தத் தூக்குப்போசியைப் பார்த்ததும் ஓடிப்போய் அவரை மறித்தேன்.

"அம்மா, அதுல என்ன கொண்டுவந்தீங்க?"

"நீராரமுங்க. நோட்டீசுல சொன்னாப்பலதான் குடுத்தனுங்க சிஸ்டர்."

"குடிச்சிட்டாரா?"

"இப்பத்தானுங்க, கால் மணி நேரத்துக்கு முன்னால. சாமத்துலயே எங்க தங்கச்சி ஊட்டுல இருந்து கொண்டாரச் சொல்லி, ராத்திரியெல்லாம் அசையாம வச்சிருந்தனுங்க. தெளிஞ்சதுன்னு போட்டிருந்துச்சல்லங்க? அடி மண்டிய உட்டுப்போட்டு மேல தெளிவ மட்டும் துணியில வடிகட்டிக் குடுத்தனுங்க. ஒரு பருக்கை போகலீங்க. மோரு மட்டும் ரெண்டு கரண்டி. அது இல்லாட்டி இவரு தொடமாட்டாருங்க."

முகத்தில் அப்படி ஒரு பெருமை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இத்தனை நாளில் அந்த நோட்டீஸை எழுத்துக்கூட்டாமல், ஒரு வார்த்தை விடாமல் படித்து, அதில் இருந்தபடியே செய்த ஒரே ஆள் ரங்காத்தாள்தான். மோர் கலந்த கஞ்சித் தண்ணீர் என்றால் அது சாப்பாட்டுக் கணக்கு. ஆறு மணி நேரம் போக வேண்டும். பூபாலன் அன்றைக்கென்று ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். என் தொல்லையால் நேரத்துக்கு வரப் பழகிவிட்டார் அல்லவா, கட்டாயம் வருவார்.

டூட்டி முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்த சகாயராஜைப் பிடித்தேன். "வாயால சொன்னீங்களா அண்ணே?"

"நேத்து நாலு அட்மிஷன். நோட்டீஸைக் குடுத்தேன், கையெழுத்து வாங்குனேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இதப்பாரு, தண்ணி குடிச்சார்னு எழுதிவிட்டுரு. மோரும் தண்ணிதான். உன் ப்ராஜெக்ட்டுதான் போகும், யோசிச்சுக்க."

மேட்ரனிடம் போனேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எவ்வளவு குடிச்சாராம்? கொஞ்சந்தானே? டாக்டரு வரட்டும், அவரு கேட்டா சொல்லிக்கலாம்."

"அவர் கேக்க மாட்டாரு மேடம். வெறும் வயிறுன்னு நினைச்சு மருந்து ஏத்துவாரு. மேல வந்து நுரையீரலுக்குள்ள போச்சுன்னா?"

"நீ சொன்னா உன் தலையிலதான் விடியும், பிள்ள."

அது எனக்குத் தெரியும். நல்லவர்கள்தான் இவர்கள், கெட்டவர்கள் இல்லை. ஆனால் யாராவது வாயைத் திறப்பதற்குள் எல்லோரும் சேர்ந்து ஒரு கம்பளியைப் போட்டு மூடிவிடுவார்கள். நான் போனை எடுத்து பூபாலனிடம் நடந்ததைச் சொன்னேன்.

அவர் நேரில் வந்தே திட்டினார். எல்லோர் முன்னாலும், லிங்கசாமியின் கட்டில் அருகிலேயே.

"இதுக்குத்தான் ஒண்ணுமே குடுக்காதீங்கன்னு அன்னைக்கிலேருந்து சொல்றோம். படிக்காத ஜனங்க கையில பேப்பரைக் குடுத்தா இப்படித்தான் ஆகும். ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? புருஷனைக் கொல்லப் பாத்தியா?"

கடைசிக் கேள்வி ரங்காத்தாளுக்கு. அவர் தூக்குப்போசியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். "சார், நோட்டீஸ்ல இருந்ததைத்தான் அவங்க…" என்று ஆரம்பித்தேன். "நீ பேசாதே" என்றார். கேஸை மறுநாளுக்குத் தள்ளிவிட்டு அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்.

மத்தியானம் தரணீதரன் கூப்பிட்டார். மேட்ரனும் இருந்தார்.

"பேச்சு பேச்சா இருக்கோணும் அபிராமி. மூடிரலாங்க."

"சார், தண்ணியால கேன்சல் ஆகலை. யாரும் தண்ணி குடிச்சு கேன்சல் ஆகலை. ஒரு தப்பான வார்த்தையால ஆச்சு. அந்த வார்த்தையை நான் முன்னாடியே மாத்தச் சொன்னேன்."

"வார்த்தையோ, தண்ணியோ. தியேட்டர் நின்னுச்சுங்களே?"

"பூபாலன் சார் வராம எத்தனை நாள் நின்னிருக்கு? அப்ப யாரை மூடுனீங்க?"

மேட்ரன் என் கையைப் பிடித்து அழுத்தினார். தரணீதரன் கோபப்படவில்லை. மேஜையில் இருந்த வேறு கோப்பைத் திறந்துகொண்டார். கம்பெனிக்காரர்கள் அப்படித்தான். கத்த மாட்டார்கள், பேச்சு முடிந்துவிடும். பழைய விதி அன்று மாலையே திரும்ப வந்தது. பத்து மணி, பச்சைத் தண்ணீர்.

சரவணக்குமாருக்குச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "நல்ல லேர்னிங்தான். கடைசி ஸ்லைடுல சவால்கள்னு ஒரு தலைப்பு இருக்கும்ல, அதுல போடுங்க. நோயாளிகளின் குறைந்த கல்வியறிவுன்னு போட்டுடலாம்" என்றார்.

"அவங்க நல்லாப் படிக்கிறாங்க சார். எழுதினவங்களுக்குத்தான் எழுதத் தெரியலை."

"டோன் கொஞ்சம் குறைச்சுக்கங்க அபிராமி" என்றார். நானே போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை லிங்கசாமி அதே கட்டிலில் கிடந்தார். இரவு பத்திலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. உதடு வெடித்திருந்தது. ரங்காத்தாள் தலைமாட்டில் காவல் மாதிரி நின்றார். தண்ணீர் பாட்டிலைக்கூட அங்கே வைக்காமல் வெளியே கொண்டுபோய் வைத்திருந்தார். எட்டு மணிக் கேஸ் என்று போர்டில் இருந்தது. ஒன்பதரை ஆகியும் பூபாலனைக் காணோம். இனி நச்சரிக்க ஆளில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மேட்ரன் ரவுண்ட்ஸில் இருந்தார். நான் அவர் பக்கத்திலேயே போய் நின்று பூபாலனுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், லிங்கசாமி கேஸுக்கு எத்தனை மணிக்கு வர்றீங்க?"

"வர்றப்ப வர்றேன்." கட்.

மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன்.

"என்னம்மா உனக்கு? பன்னண்டு மணி ஆகும்!"

"அப்ப பத்து மணி வரைக்கும் அவருக்குத் தண்ணி குடுக்கலாமா சார்?"

"உன் ப்ராஜெக்ட்டைத்தான் மூடியாச்சே?"

"மூடியாச்சு சார். இது ப்ராஜெக்ட் இல்ல. நான் ஸ்டாஃப் நர்ஸ், நீங்க டாக்டர், ஆர்டர் கேக்கிறேன். ஸ்பீக்கர்ல இருக்கீங்க. மேட்ரன் மேடம் பக்கத்துல இருக்காங்க. குடுக்கலாம், இல்ல குடுக்கக் கூடாது. குடுக்கக் கூடாதுன்னா காரணம் சொல்லுங்க, கேஸ் ஷீட்ல எழுதிக்கிறேன்."

ஹாரன் சத்தம் கேட்டது. காரில்தான் இருந்தார்.

"குடு, போ. வெறும் தண்ணி. வேற ஏதாச்சும் உள்ள போச்சு, உன்னைத் தொலைச்சிருவேன்."

மேட்ரன் என்னைப் பார்த்தார். தடுக்கவில்லை.

நானே ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் போனேன். லிங்கசாமியின் கை தானாக நீண்டது. ரங்காத்தாள் குறுக்கே வந்து நின்றார்.

"வேண்டாங்க."

"அம்மா, டாக்டரே சொல்லிட்டாரு."

"நேத்து பட்டது போதுங்க. நாக்கு ஒட்டுனா ஒட்டட்டுங்க."

"ஏனாத்தா, எனக்குத்தான ஒட்டுது?" என்றார் லிங்கசாமி.

"நீங்க பேசாம கெடங்க. நீங்க குடிச்சுப்போட்டுப் படுத்துக்குவீங்க. பேச்சு வாங்கறது நானு."

எனக்குப் பொறுமை போய்விட்டது. டம்ளரைக் கட்டில் பக்கத்து அலமாரியில் வைத்தேன். வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

"அம்மா, நேத்து உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நோட்டீஸ்ல எப்படிப் போட்டிருந்துச்சோ அப்படியே செஞ்சீங்க. எழுதுனது தப்பு, சொல்லாம விட்டது தப்பு. எல்லாமே எங்க பக்கத்துத் தப்பு. உங்களைத் திட்டுனதும் தப்பு."

"அபிராமி" என்று மேட்ரன் பின்னாலிருந்து அழைத்தார். நான் திரும்பவில்லை.

ரங்காத்தாள் என் முகத்தையே பார்த்தார். நேற்றிலிருந்து குனிந்தே இருந்த தலை இப்போதுதான் நிமிர்ந்தது.

"இத்தனை பேருக்கு முன்னால என்னையக் கொலைகாரின்னாப்பல பேசினாருங்க அந்த டாக்டரு. நீ சொல்றது சரி கண்ணு. ஆனா வஞ்சது நீ இல்லீயே. அவரு சொல்லட்டும், தப்பு என்ர மேல இல்லீன்னு. அப்பறம் இவரு குடிக்கட்டும்."

நியாயம்தான். இதைவிட நியாயமான ஒன்றை அந்த ஃபெலோஷிப்பின் எந்த வகுப்பிலும் நான் கேட்கவில்லை. ஆனால் பத்து மணி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த மனுஷனுக்கோ நாக்கு ஒட்டிக்கிடந்தது. பூபாலன் எதையும் சொல்லப்போவதில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், ரங்காத்தாளுக்கும் தெரியும்.

நான் மறுபடி போனை எடுத்து பூபாலனின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு ரங்காத்தாள் பக்கம் நீட்டினேன். அடித்துக்கொண்டே இருந்தது. ரங்காத்தாள் கையைக் கட்டிக்கொண்டு போனையே பார்த்தார். அவர் முதுகுக்குப் பின்னால் லிங்கசாமி எட்டி டம்ளரை எடுத்து, ஒரே மூச்சில் குடித்து, சத்தம் வராமல் அலமாரியில் வைத்தார்.

பூபாலன் எடுக்கவில்லை. நான் திரும்ப அழுத்தினேன்.